வீட்டுக் கோழிக்கு இயற்கைத் தீவனமா, கம்பெனித் தீவனமா?

கொல்லையில் பத்துப் பதினைந்து கோழி வைத்திருக்கிறவர்கள் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கம்பெனித் தீவனம் போட்டால் அப்புறம் அது வீட்டு முட்டையா, பண்ணை முட்டையா? அதில் மருந்து இருக்காதா, ஊசி இருக்காதா? முட்டை வாங்க வருகிறவர்களும் கேட்கிறார்கள், சென்னையிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள், போனில் ஏதோ ஒரு காணொளியைக் காட்டி "அண்ணா, இதுல முழுக்க ஆர்கானிக் ஃபீடுதான் போடச் சொல்றாங்க" என்கிறார்கள். நான் இருப்பது நாமக்கல் மாவட்டம், ராசிபுரம் பக்கம். சுற்றிலும் பண்ணைகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தீவனக்கடை, மக்காச்சோள லாரி. தீவனத்தைப் பற்றிப் பேசாமல் இங்கே டீ குடிக்க முடியாது. அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூட்டையில் 'இயற்கை' என்று எழுதியிருக்கிறதா இல்லையா என்பது நான் பார்க்கிற நாலாவதோ ஐந்தாவதோ விஷயம்தான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது என்ன கோழி, தீவனம் எவ்வளவு புதுசு, அதில் சத்துக் கணக்கு சரியா, கோழி மேயும் மண் எப்படி என்பதெல்லாம்.

கோழியிலிருந்து ஆரம்பிப்போம். எங்கள் வீட்டில் இரண்டு வகை நிற்கிறது. சிறுவிடை கொஞ்சம், கிராமப்பிரியா கொஞ்சம். சிறுவிடை நம் ஊர்ச் சரக்கு. ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைக்கும், அப்புறம் அடைக்கு உட்காரும், குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரியும், வருஷத்துக்கு 60, 70 முட்டை கிடைத்தால் நல்ல வெடை (பெட்டைக்கோழி) என்று பேர். கிராமப்பிரியா ஐதராபாத்தில் இருக்கிற மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடை வளர்ப்புக்காகவே உருவாக்கியது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 200 முட்டை வரை போகும், அடைக்கு உட்காருவது அபூர்வம். பண்ணைக் கூண்டில் இருக்கிற வெள்ளைக் கோழி 300-ஐத் தாண்டும். இந்த மூன்றுக்கும் ஒரே தீவனம் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள். எழுபது முட்டை வைக்கிற கோழிக்கு இருநூறு முட்டைக்கான சாப்பாடு போட்டால் அது முட்டையாக மாறாது, வயிற்றில் கொழுப்பாகத்தான் சேரும்.

காசுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். லேயர் மேஷ், அதாவது முட்டைக் கோழிக்கான கம்பெனி மாவுத்தீவனம், கிலோ 35 ரூபாய், 'இயற்கை' என்று விற்கிற பாக்கெட் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (ஊருக்கு ஊர் மாறும், உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). அடைத்து வைத்து முழுத்தீவனம் போட்டால் கிராமப்பிரியா நாளைக்கு 110 கிராம் தின்னும், வருஷத்துக்கு 40 கிலோ, 200 முட்டைக்கு வகுத்தால் முட்டைக்கு 200 கிராம். ஆக ஒரு முட்டைக்கு 7 ரூபாய், பாக்கெட் தீவனமென்றால் 16 ரூபாய். சிறுவிடை நாளைக்கு 80 கிராம் தின்றாலும் வருஷத்துக்கு 29 கிலோ, எழுபதால் வகுத்தால் முட்டைக்கு 400 கிராமுக்கு மேல். கம்பெனித் தீவனத்திலேயே முட்டைக்கு 15 ரூபாய் ஆகிவிடும், 'இயற்கை'யில் 33 ரூபாய். அம்மாயி காலத்தில் சிறுவிடைக்கு யாரும் தீவனம் வாங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். குப்பைமேட்டிலும் களத்திலும் அது தானே தேடித் தின்று, அந்தியில் பஞ்சாரத்துக்கு வரும்போது ஒரு பிடி சோளம். சிறுவிடைக்கு இன்றைக்கும் அதுதான் சரியான ஏற்பாடு என்பது என் கட்சி. இடம் இருந்தால்.

இடம் இல்லாதவர்களுக்குத்தான் பிரச்சினை. மூன்று சென்ட் வீட்டில் கம்பிவலை அடித்து எட்டுக் கோழி வைத்திருந்தால் அவை தின்பது முழுக்க நீங்கள் போடுவது மட்டும்தான். "கம்பும் அரிசியும் கீரையும் போடுகிறேன், எல்லாம் இயற்கை" என்று பெருமையாகச் சொல்கிறவர்களின் கோழிகள் ஓடு இல்லாத தோல்முட்டை போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தானியத்தில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். அப்போது ஓடு எங்கிருந்து வரும்? கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துத் தருகிறது, எடுக்க முடிகிற வரைக்கும். அதனால்தான் லேயர் தீவனத்தில் மூன்றரை, நாலு சதவீதம் கால்சியம் சேர்க்கிறார்கள், புரதம் 16 முதல் 18 சதவீதம் வைக்கிறார்கள். இயற்கையோ கம்பெனியோ, இந்த இரண்டு எண்ணும் எந்த மூட்டையில் இல்லையோ அது முட்டைக் கோழித் தீவனமே இல்லை.

சரி, இயற்கைத் தீவனம் என்று நம் ஊரில் கிடைப்பது என்ன? சான்று பெற்ற இயற்கை விளைபொருள் என்றால் என்பிஓபி என்கிற மத்திய அரசின் திட்டத்தில் மூன்றாம் ஆள் வந்து சோதித்துத் தருகிற சான்று இருக்கிறது, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சரிபார்க்கிற பிஜிஎஸ் இருக்கிறது, தமிழ்நாட்டிலேயே விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. ஆனால் இந்தச் சான்றோடு மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு எல்லாம் வாங்கி அரைத்து, கால்சியம், தாது உப்பு கலந்து, சின்னப் பையில் கட்டி, எட்டுக் கோழி வைத்திருக்கிறவருக்கு விற்கிற ஏற்பாடு எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை. கிடைப்பதெல்லாம் பச்சை நிறத்தில் ஒரு இலைப் படமும் '100% இயற்கை' என்ற எழுத்தும் போட்ட பாக்கெட். ஒன்றை வாங்கிப் பிரித்து முறத்தில் கொட்டிப் பார்த்தேன். உடைத்த மக்காச்சோளம், கம்பு, கொஞ்சம் கோதுமை, உடைந்த கடலைப் பருப்பு, நாலைந்து உலர்ந்த முருங்கை இலை. புரதம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, எந்தத் தேதியில் கட்டியது, எங்கே விளைந்தது, ஒன்றும் இல்லை. இதே தானியத்தை மளிகைக்கடையில் வாங்கினால் பாதி விலை. பாக்கெட்டின் பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, இதுபோல இருபது பேர் போடுகிறார்கள்.

இப்போது கம்பெனித் தீவனத்தின் மேல் இருக்கிற பயங்கள். இதில் சிலது வெறும் பயம், சிலது நியாயமான பயம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் குழப்பம்.

ஹார்மோன் வெறும் பயம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்து போட்டால் சோயாப் புண்ணாக்கு செரிப்பதுபோல அதுவும் செரித்துப் போகும். ஊசியாகப் போட வேண்டுமென்றால் தினமும் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துப் போட வேண்டும். லட்சம் கோழிப் பண்ணையில் அதை யார் செய்வது, முட்டை சில ரூபாய்க்குப் போகும்போது அந்த ஊசிக்கு யார் காசு கொடுப்பது? கோழிக்கு ஊசி போடுகிறார்கள் என்று பார்த்தவர்கள் பார்த்தது பெரும்பாலும் தடுப்பூசி. வெள்ளைக் கழிச்சல் வந்தால் இயற்கைத் தீவனம் தின்ற கோழியும் சேர்ந்துதான் சாகும், அதனால் தடுப்பூசியை மட்டும் தீவன வாதத்தோடு கலக்காதீர்கள்.

ஆண்டிபயாடிக் நியாயமான பயம். நோய்க்காக இல்லாமல், கோழி நன்றாக எடை போட, குடல் சுத்தமாக இருக்க என்று குறைந்த அளவில் தீவனத்திலேயே கலக்கும் வழக்கம் உலகம் முழுக்க இருந்தது, இங்கேயும் இருந்தது. மனிதனுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற கொலிஸ்டின் என்ற மருந்தைக்கூடக் கோழிக்குக் கலந்தார்கள், 2019 ஜூலையில்தான் இந்திய அரசு அதை உணவுக்கான கால்நடைகளில் தடை செய்தது. அதனால் மூட்டையில் தைத்திருக்கிற சீட்டைப் படியுங்கள். சீட்டு இல்லாத, கடையில் பிரித்துக் கிலோக் கணக்கில் அள்ளிப் போடுகிற தீவனம் வேண்டாம். குஞ்சுத் தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்கான மருந்து கலந்திருப்பது சாதாரணம், அது முட்டை வைக்கிற கோழிக்குப் போகக் கூடாது. லேயர் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் பிராய்லர் தீவனத்தைக் கட்டிக் கொடுத்தால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

மரபணு மாற்றப் பயிர் விஷயத்தில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். அங்கே விளைகிற மக்காச்சோளமும் சோயாவும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மரபணு மாற்றியது, அதைத் தவிர்க்க வேண்டுமென்றால் அவர்களுக்கு ஆர்கானிக் ஒரு வழி. நம் நாட்டில் வணிகமாகப் பயிரிட அனுமதித்திருப்பது பிடி பருத்தி ஒன்றுதான், மக்காச்சோளமும் சோயாவும் அப்படி இல்லை. 2021-இல் சோயாப் புண்ணாக்கு விலை கண்டபடி ஏறியபோது கோழிப் பண்ணைக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது, அது ஒரு விதிவிலக்கு. மரபணு மாற்றியதைத் தவிர்க்க நினைக்கிறவர்கள் ஒதுக்கி வைக்க வேண்டியது பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைத்தான். அதைக் கோழிக்குப் போடுவதை நான் வேறு காரணத்துக்காகவே தவிர்ப்பேன். அதில் இருக்கிற காஸிபால் என்ற பொருள் மஞ்சள்கருவை ஒரு மாதிரி பாசி நிறத்துக்கு மாற்றிவிடும். மாட்டுக்கு வைத்திருக்கிற கொட்டையில் கோழி வாய் வைத்து, முட்டை உடைத்ததும் வீட்டில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்ட கதை எங்கள் பக்கம் உண்டு.

மெத்தியோனின் என்றொரு சமாச்சாரம். சீட்டில் 'டிஎல்-மெத்தியோனின்' என்று பார்த்ததும் கெமிக்கல் என்று ஒதுக்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயாரிக்கப்படுவது ஆலையில்தான், மறுக்கவில்லை. ஆனால் மக்காச்சோளம், சோயாக் கலவையில் குறைகிற முதல் அமினோ அமிலம் இதுதான், இது இல்லாமல் முட்டை சிறுத்துவிடும், கோழி இறகைக் கொத்தித் தின்னும். அமெரிக்காவில் ஆர்கானிக் தீவனத்துக்கே அளவு வரையறுத்து இதை அனுமதித்திருக்கிறார்கள், அவ்வளவு கஷ்டம் இது இல்லாமல் ஓட்டுவது. இது வேண்டாம் என்றால் எள்ளுப் புண்ணாக்கு வேண்டும், இல்லையென்றால் உப்புப் போடாத கருவாட்டுத் தூள் வேண்டும். உப்புக் கருவாடு போட்டால் கழிச்சல்தான். கருவாடு கூடிப்போனால் ஆம்லெட்டில் மீன் வாசம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள்கரு நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் இயற்கை, வெளிறி இருந்தால் பண்ணை என்பது பாதி உண்மைகூட இல்லை. நிறம் கொடுப்பது மக்காச்சோளத்திலும் கீரையிலும் இருக்கிற சாந்தோஃபில். சத்தியமங்கலம் பக்கம் காடு காடாகச் செண்டுமல்லி போடுவது மாலை கட்ட மட்டும் இல்லை, அதிலிருந்து இந்த நிறச்சத்தைப் பிரித்துத் தீவனத்துக்கு விற்கிறார்கள். கூண்டுக் கோழியின் மஞ்சள்கருவை வேண்டிய நிறத்துக்குக் கொண்டுவர முடியும். அதே நேரம், சுத்தமான மானாவாரிக் கம்பு மட்டும் தின்கிற நாட்டுக்கோழியின் கரு வெளிறித்தான் இருக்கும்.

இத்தனை பயத்துக்கும் நடுவில் யாரும் பயப்படாத ஒன்று இருக்கிறது. பூஞ்சணம்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தால் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பிடித்திருந்த பூஞ்சணத்தின் நஞ்சு. அஃப்லாடாக்சினைக் கண்டுபிடித்த கதை அது. ஈரம் பட்ட மக்காச்சோளம், சரியாகக் காயாத கடலைப் புண்ணாக்கு, ஐப்பசி மழையில் சிமெண்டுத் தரையில் நேராக அடுக்கிய மூட்டை, இது போதும் அதற்கு. கோழி உடனே சாகாது, ஈரல் கெடும், முட்டை இறங்கும், தடுப்பூசி போட்டும் நோய் பிடிக்கும், நீங்கள் தீவனக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வெயிலில் காயவைத்தால் மேலே இருக்கிற பூஞ்சணம் போகும், ஈரம் போகும், ஆனால் ஏற்கெனவே சேர்ந்த நஞ்சு போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. பூச்சிமருந்து படாமல் விளைந்தது என்பதற்காக இந்தப் பூஞ்சணம் விலகிப் போவதும் இல்லை. பாக்கெட்டில் கட்டி, மெதுவாக விற்று, கடை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கிற விலை கூடிய தீவனத்துக்கு இந்த ஆபத்து அதிகம் என்றுதான் சொல்வேன். வேடிக்கை என்னவென்றால், கம்பெனித் தீவனத்தில் 'டாக்சின் பைண்டர்' என்று ஒன்று போடுகிறார்கள், பேரைக் கேட்டால் பயமாக இருக்கும், பெரும்பாலும் அது பென்டோனைட் மாதிரி ஒரு களிமண்.

அதனால்தான் நான் கம்பெனிப் பேரைப் பார்க்காமல் கடையைப் பார்த்து வாங்குகிறேன். எந்தக் கடையில் சரக்கு வேகமாக ஓடுகிறதோ அந்தக் கடை. கடைக்காரர் எனக்குப் பழக்கம். மூட்டையைப் புரட்டித் தேதி பார்க்க ஆரம்பித்தாலே, "அது போன மாசத்து லோடுங்க. உள்ள நேத்து எறக்குனது இருக்குதுங்க, இருங்க எடுத்துத் தர்றேன்" என்று உள்ளே போய்விடுவார். கை விட்டு அள்ளி, பொத்திப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும், கட்டியாக நின்றால் ஈரம். மோந்து பார்த்தால் மாவு வாசனை வர வேண்டும். சிக்கு வாடை அடித்தால் தவிடு கெட்டிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டி மாதிரி கொடுத்தால் பார்த்துத் தருவார்கள். எட்டுக் கோழிக்கு அது அதிகப்படி. ஆனால் ஊரில் நாலைந்து வீடு சேர்ந்து டன் கணக்கில் மக்காச்சோளம் வாங்குவதாக இருந்தால் கொடுத்துப் பார்ப்பது நல்லது. இங்கே பெரிய பண்ணைக்காரர்கள் யாரும் மூட்டைத் தீவனம் வாங்குவதில்லை, சொந்த மில்லில் அரைக்கிறார்கள், தானியம் வந்து இறங்கும்போதே ஈரப்பதம் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். நாம் இயற்கை என்று பேசிக்கொண்டு அந்த ஒரு விஷயத்தை அவர்களிடம் கற்றுக்கொள்ளாமல் இருக்கிறோம்.

என் வீட்டில் இப்போது ஓடுகிற ஏற்பாடு இதுதான். கிராமப்பிரியாவுக்குக் காலையில் கம்பெனி லேயர் மேஷ், வயிறு நிறைய. அப்படியே உலர்வாகப் போட்டால் நடக்கிறதை நின்று பார்த்தால் சிரிப்பு வரும், மக்காச்சோள உடைசலை மட்டும் டக் டக்கென்று பொறுக்கித் தின்றுவிட்டு, அலகால் மாவை இரண்டு பக்கமும் வாரியடித்து, அடியில் தங்குகிற பொடியை அப்படியே விட்டுவிடும். விலை கொடுத்து வாங்கிய வைட்டமினும் தாது உப்பும் அந்தப் பொடியில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் தண்ணீரோ புளித்த மோரோ தெளித்துப் பிசிறிப் போடுகிறேன், ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும், மிஞ்சினால் எடுத்துக் கொட்டிவிட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் திறந்துவிட்டால் மேய்ச்சல். சாயங்காலம் கைப்பிடி கம்போ சோளமோ. அதற்கு மேல் தானியம் கொடுப்பதில்லை. பாதி மேஷ், பாதி தானியம் என்று கலந்தால் சிக்கனம்போலத் தெரியும், புரதமும் கால்சியமும் கீழே போய் இரண்டு வாரத்தில் முட்டை இறங்கிவிடும்.

இயற்கைக்கு நான் செலவு செய்கிற இடம் அந்தக் கைப்பிடித் தானியம்தான். கம்பும் சோளமும் எங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளைவது. உரமும் இல்லை மருந்தும் இல்லை, மழையை நம்பி விதைத்து அறுப்பது. சான்றும் இல்லை, இலைப் படமும் இல்லை, ஆனால் விதைத்தவரை எனக்குத் தெரியும், அந்தக் காட்டு வழியாகத்தான் போகிறேன் வருகிறேன். பாக்கெட்டைவிட இது எனக்குப் போதுமான சான்று. வேப்பிலையும் நொச்சியும் போட்டுத் தகரப் பீப்பாயில் வைத்தால் வண்டு பிடிக்காமல் தாங்கும்.

தண்ணீரில் மிதந்து வளர்கிற சின்னப் பச்சைச் செடியான அசோலாவைப் பற்றி ஒரு வார்த்தை. "அசோலா போட்டால் தீவனச் செலவே இல்லை" என்று சொல்கிறவர்கள் அதில் 25 சதவீதம் புரதம் என்பார்கள், அது காய்ந்த எடையில். பச்சையாக அள்ளிப் போடும்போது நூறு கிராமில் 93, 94 கிராம் தண்ணீர், புரதம் ஒன்றரை கிராம் தேறும். முட்டைக் கோழிக்கு நாளைக்கு 17, 18 கிராம் புரதம் வேண்டும். அசோலா நல்லது, நானும் தொட்டியில் வைத்திருக்கிறேன், கீரை மாதிரி, அவ்வளவுதான். அதைவிடக் கரையான் பிரமாதம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானை நிறைய இருக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் இறங்கிப் போய்விடும். குஞ்சுகள் அதற்கு அடித்துக்கொள்கிற அடியைப் பார்க்க வேண்டும்.

கிளிஞ்சல் மட்டும் தனிச் சட்டியில் எப்போதும் இருக்கும். தேவைப்படுகிற கோழி தானே போய்த் தின்னும், அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தூளாக இல்லாமல் அரிசி அளவுக்கு உடைத்ததாக இருப்பது நல்லது, ஓடு உருவாவது பெரும்பாலும் ராத்திரியில், பெரிய துண்டு இரைப்பையில் நின்று மெதுவாகக் கரைந்து கொடுக்கும். குஞ்சுக்கும் பருவத்துக்கு வராத வெடைக்கும் லேயர் தீவனம் வேண்டாம், அந்த அளவுக் கால்சியம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சொந்தமாகக் கலக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு, பத்துக் கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 5 கிலோ, சோயாப் புண்ணாக்கு 2 கிலோ, தவிடு ஒரு கிலோ, எள்ளுப் புண்ணாக்கு 900 கிராம், கிளிஞ்சல் 850 கிராம், கோழிக்கான தாது உப்பு, வைட்டமின் கலவை 250 கிராம். புரதம் 18 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும், கால்சியம் மூன்றுக்கு மேல், மிச்சத்தைச் சட்டியில் இருக்கிற கிளிஞ்சல் பார்த்துக்கொள்ளும். தவிடு சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும் என்பதால் பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். இதையே முழுக்க மருந்து படாத சரக்கில் செய்ய முடியுமா என்றால், கம்பும் எள்ளும் கிடைத்துவிடும், சோயாவில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

இப்போது மண். 'இயற்கை முட்டை' என்று தேடித் தேடி வாங்குகிறவர்கள் கேட்காத கேள்வி இது. நாள் பூராவும் மண்ணைக் கிளறித் தின்கிற பறவை கோழி, மண்ணில் இருப்பது முட்டைக்கு வந்து சேரும். பிளாஸ்டிக்கையும் வயரையும் கொளுத்துகிற குப்பை மூலையில் டயாக்ஸின் சேர்கிறது, அது கொழுப்பில் தங்குகிற நஞ்சு, அங்கே மேய்கிற கோழியின் மஞ்சள்கருவில் கூடிவிடும். எவ்வளவு விலை கொடுத்து ஆர்கானிக் தீவனம் போட்டாலும் அந்த மூலையை வேலி அடித்து மறைக்காவிட்டால் ஒரு புண்ணியமும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற அன்றும், அடுத்த சில நாளும் கோழியைத் திறந்துவிடக் கூடாது. அப்புறம், விதைத்து மிஞ்சிய மக்காச்சோள விதை ரோஸ் நிறத்தில் பளபளவென்று பையில் கிடக்கும், தானியம்தானே என்று கழுவிக்கூடப் போட்டுவிடாதீர்கள். அந்த நிறம் பூச்சிமருந்தும் பூஞ்சணக்கொல்லியும் பூசிய விதைக்கு அடையாளமாகப் போடுவது. அதில் வழக்கமாகச் சேர்க்கிற திரம் என்ற மருந்து கோழிக்குத் தோல்முட்டையும் கால் ஊனமும் கொடுக்கும்.

முட்டை விற்கிறவர்களுக்கு: மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 விதிப்படி ஆர்கானிக் என்று போட்டு விற்க என்பிஓபி அல்லது பிஜிஎஸ் சான்று வேண்டும், அரசின் ஆர்கானிக் முத்திரை அப்போதுதான் போடலாம். சிறு உற்பத்தியாளர் நேராக நுகர்வோருக்கு விற்றால் சான்று கட்டாயமில்லை என்று விலக்கு உண்டு, முத்திரை மட்டும் கிடையாது. நான் அந்தப் பக்கமே போவதில்லை. "வீட்டுக் கோழிங்க, காலையில கம்பெனித் தீவனம் தின்னும், மத்தியானம் மேயும்" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். ஒரு அக்கா அதைக் கேட்டுவிட்டு வாங்காமல் போனார். அடுத்த வாரம் திரும்ப வந்தார், வேறு எங்கும் கிடைக்கவில்லையாம்.

தீவனத்தை மாற்ற முடிவு செய்துவிட்டால், எதிலிருந்து எதற்கு மாற்றினாலும், ஒரே நாளில் மாற்றாதீர்கள். கால் பங்கு, அரைப் பங்கு என்று ஒரு வாரம் பத்து நாள் இழுத்து மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் கோழி தின்னாமல் நிற்கும், சில கோழி இறகை உதிர்த்துவிட்டு ஒன்றரை மாசம் முட்டைக்கு லீவு போட்டுவிடும். தைக்கு மேல் மாற்றுவது உத்தமம். மழை நின்றிருக்கும், புதுத் தானியமும் களத்துக்கு வந்திருக்கும்.